உப்புக்கண்டம் கொலைமிரட்டல் அல்ல

நான் வேலையை விட்டுக் கிளம்பிய அன்று கழக்கூட்டம் அலுவலகத்தில் கேக் வெட்டினீர்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எனக்கு இரண்டு வார்த்தையில் நிறுத்த வராது என்பது உங்களில் பழையவர்களுக்குத் தெரியும். அதனால் கேக்கைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உபயோகமாக எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று இப்போது கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். கேட்டவர்களுக்கு இது பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. பிடிக்காவிட்டாலும் ஒரு எழுத்தையும் மாற்றித் தர மாட்டேன்.

என்னைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். ‘அந்தச் சேச்சி பயங்கர வாசிக்காரி’ என்று. மலையாளத்தில் சேச்சி என்றால் அக்கா, வாசி என்றால் பிடிவாதம். பொய்யில்லை. என் அப்பா நாகர்கோவிலில் இருந்து வந்து இங்கே சாலை என்னும் கடைத்தெருவில் ஒரு இரும்புக்கடையில் கணக்கெழுதியவர். முதலாளி சொன்னபடி எழுதாமல் நடந்தபடி எழுதியதால் மூன்று கடை மாறியவர். எனக்கு அது ரத்தத்தில் வந்தது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

நம் தொழில் என்ன என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். ஒரு நிறுவனம் ஒருவரை வேலைக்குத் தேர்ந்தெடுக்கும். அவர் சொன்ன படிப்பும் பழைய வேலையும் உண்மைதானா என்று நாம் விசாரித்துச் சொல்வோம். நான் சேர்ந்த காலத்தில் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குவதுதான் வேலை. பிறகு காலம் மாறியது. ‘இணையத்தில் இந்த ஆள் எப்படி?’ என்றும் கேட்கத் தொடங்கினார்கள். எல்லோரும் பார்க்கும்படி ஒருவர் என்ன எழுதியிருக்கிறார், என்ன படம் போட்டிருக்கிறார், அவரைப் பற்றிச் செய்தியில் என்ன வந்திருக்கிறது என்று தேடிப் பார்த்து, கடைசியில் ஒரு நிறம் வைக்க வேண்டும். பச்சை என்றால் சேர்த்துக்கொள்ளலாம். மஞ்சள் என்றால் யோசிக்கலாம். சிவப்பு என்றால் வேண்டாம். அந்த நிறத்தை வைக்கும் கை உங்களுடையது. எதிர்ப்பக்கம் இருக்கிறவருக்கு உங்கள் முகம் கூடத் தெரியாது.

எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. ஒருமுறை வித்துராவைச் சேர்ந்த ஒரு இளைஞனைப் பற்றி எங்கள் குழுவிலிருந்து சிவப்பு போய்விட்டது. அவன் பெயரில், அவன் வயதில், அதே பக்கத்து ஆள் ஒருவன் சீட்டு மோசடியில் பிடிபட்ட செய்தி இணையத்தில் இருந்தது. தேடியவர் அதைப் பார்த்தார், எழுதினார், அனுப்பினார். வேலை போனது. ஏன் போனது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவன் கல்யாணமும் நின்றது. ஊரில் யாரோ சொல்லி, அலைந்து விசாரித்து, அவன் எங்கள் அலுவலகத்தைக் கண்டுபிடித்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். அது வேறு ஆள் என்று ஒரு வரிதான் இருந்தது.

வருந்துகிறோம் என்று பதில் போட்டு முடித்துவிடலாம் என்றார்கள். அந்த அம்மா கேட்கவில்லை. பஸ் ஏறி வித்துராவுக்குப் போனார். அவன் வீட்டு முற்றத்தில், பக்கத்து வீட்டுக்காரர்கள் காது கேட்க, தவறு எங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். வந்த மறுநாள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரே ஒரு விதி போட்டார். ஒருவருக்குக் கெடுதலாக எதையாவது எழுதுவதற்கு முன்னால் அந்த ஆளையே கூப்பிட்டுக் கேள். நிறுவனம் வேண்டாம் என்றாலும் கேள். அவர் போன பிறகு அந்த விதியை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நான் வைக்கவில்லை.

இனி ஷைனியின் கதைக்கு வருகிறேன். ஷைனி என்பது நான் வைத்த பெயர். அவள் அம்மாவுக்கு பிலோமி என்று வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

ஷைனி விழிஞ்ஞத்துப் பெண். அப்பா கடலுக்குப் போனவர், இப்போது இல்லை. அம்மா மீன் விற்கிறவர். மகள் பி.காம். முடித்து, ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காப்பீட்டு நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் வேலைக்கு அவளை எடுத்தது. வேலைக் கடிதம் கொடுத்தாயிற்று. நம் அறிக்கை வர வேண்டியதுதான் பாக்கி. துணிக்கடை வேலையை அவள் அதற்குள் விட்டுவிட்டாள். திங்கட்கிழமை பயிற்சி தொடங்குகிறது. அதற்கு முந்தின வாரம்தான் அவள் கோப்பு என் மேசைக்கு வந்தது, சிவப்புக் குறியோடு.

என் மேசைக்கு ஏன் வந்தது என்றால், அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவள் பெயரில், அவள் படத்தோடு இருந்த கணக்கில் தமிழில் பதிவுகள் இருந்தன. கூடவே ஒரு வீடியோ. நம் பையன்கள் அந்தத் தமிழை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஆங்கிலத்தில் எடுத்து ஒட்டியிருந்தார்கள். அதில் இருந்தது இதுதான்: ‘உன் கை இயங்காமல் போகும். உன்னைத் துண்டு துண்டாக வெட்டி, உப்பிட்டு, வெயிலில் உலர்த்துவேன்.’ பக்கத்தில், கொலைமிரட்டல், மனப்பிறழ்வு இருக்கலாம் என்று ஒரு குறிப்பு. மொழிபெயர்ப்பு சரி என்று நான் கையெழுத்துப் போட்டால் கோப்பு கிளம்பிவிடும்.

நான் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஆள் முகம் தெரியவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்தது. ஒரு பெரிய துணிக்கடை வாசல் (ஷைனி பில் போட்ட கடை இல்லை, வேறு), அதன் முன்னால் சாலை. சாலையில் மீன் சிதறிக் கிடக்கிறது. அயிலையும் நெத்திலியுமாக, மண்ணோடு மண்ணாக. மீன் சுமக்கிற அலுமினிய வட்டை ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. கடையின் காவலாட்கள் இரண்டு பேர் திரும்பி உள்ளே போகிறார்கள். வாசலில் மீன் விற்கக் கூடாது என்று தட்டிவிட்டுப் போகிறார்கள் என்பது பார்த்தாலே தெரியும். அவர்கள் முதுகைப் பார்த்து ஒரு குரல் சொல்கிறது:

“லேய், எனக்க மீனைத் தட்டுன கை வெளங்காது, பாத்துக்க. இன்னொருக்கா தொட்டுப் பாரு. ஒன்ன உப்புக்கண்டம் போட்டிருவேன், கேட்டியா.”

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பையன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். உப்புக்கண்டம் போட்டுவிடுவேன் என்று என் அம்மா என்னை வாரம் ஒருமுறையாவது சொல்லியிருப்பாள். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். அது ஒருத்தியின் கோபம். கோபத்தை விட, கையில் வேறொன்றும் இல்லாத ஒருத்தியின் வாய். அதைச் செயலி எப்படிக் கண்டது? வெட்டி, உப்பிட்டு, உலர்த்தி என்று சமையல் குறிப்பாகக் கண்டது. அதன்மேல் குற்றமில்லை. அதை நம்பிச் சிவப்பு வைத்தோமே, அதுதான்.

சிரிப்பு அடங்கியதும் எனக்கு வேறொன்று உறுத்தியது. அந்தக் குரல் இருபத்துச் சொச்சம் வயதுப் பெண்ணின் குரல் இல்லை. அந்தத் தமிழும் விழிஞ்ஞத்தில் வளர்ந்த பெண்ணின் தமிழ் இல்லை. குளச்சல் பக்கத்துக் கடற்கரைத் தமிழ். ஷைனி படித்ததெல்லாம் மலையாளப் பள்ளி. தமிழ் பேசுவேன், எழுதப் படிக்கத் தெரியாது என்று அவளே விண்ணப்பத்தில் சொல்லியிருந்தாள். அப்படியானால் அந்தக் கணக்கில் தமிழ் எழுத்தில் பதிவு போட்டது யார்?

எங்கள் கிளைத் தலைவரிடம் போனேன். அவர் கொல்லத்துக்காரர், நல்ல மனிதர், நிறுவனங்களைக் கண்டால் மட்டும் முதுகு கொஞ்சம் வளையும். இந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றேன். வேண்டாம் என்றார். ஆளுக்குத் தகவல் போகக் கூடாது என்று நிறுவனம் எழுதிக் கேட்டிருக்கிறதாம். கேட்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

“சேச்சி, ரிட்டயர் ஆகப் போற நேரத்துல இத்தர வாசி வேணுமா?” என்றார்.

ரிட்டயர் ஆகிற வரைக்கும் இது என் வேலைதானே என்று சொல்லிவிட்டு, அங்கிருந்தே, அவர் கண் முன்னாலேயே, ஷைனிக்குப் போன் போட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், திருட்டுத்தனமாகச் செய்யாதீர்கள். செய்வது சரி என்று தெரிந்தால் மேலதிகாரி பார்க்கச் செய்யுங்கள்.

மறுநாள் காலை வந்தாள். ஒல்லியான பெண், இஸ்திரி போட்ட சுடிதார், கையில் சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் உறை. ஏதோ மதிப்பெண் பட்டியலில் சந்தேகம் என்று நினைத்து எல்லாவற்றையும் கொண்டு வந்திருந்தாள். நான் அந்தக் கணக்கைக் காட்டி, இது உன்னுடையதா என்று கேட்டேன். ஆமாம், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தொடங்கியது, இப்போது அதில் போவதில்லை என்றாள். பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாளாம். அம்மா அதில் மாதா கோவில் பாட்டுக் கேட்பார்கள், அவ்வளவுதான் என்றாள்.

வீடியோவைப் போட்டேன்.

முதல் வார்த்தையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. “எனக்க அம்மை,” என்றாள். உப்புக்கண்டம் வந்த இடத்தில் அவளுக்கும் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கை அப்படியே வாயில் இருந்தபடி, சாலையில் கிடந்த மீனைப் பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். மூன்றாவது தடவை அவளே தொட்டு ஓட்டினாள்.

அம்மா இதைச் சொல்லவில்லை என்றாள் பிறகு. அன்றைக்கு யாவாரம் மோசம் என்று மட்டும் சொன்னாராம். மீன் எல்லாம் என்ன ஆயிற்று என்று இவள் கேட்டதற்கு, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பாவப்பட்டவளுக்குக் கொடுத்துவிட்டேன் என்றாராம். மற்றப் பதிவுகளை வாசித்துக் காட்டச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாதே, நான் வாசித்தேன். எல்லாம் வாயால் சொல்லிப் போன் எழுதியவை. பாதி வார்த்தை கோணல்மாணலாக இருந்தது. ரோடு ஆருக்கு உள்ளது என்று ஒன்று. காலையில் ஏலத்தில் மீன் எடுக்க எவ்வளவு தள்ளுமுள்ளு என்று ஒன்று. ஒன்றில், எனக்க மோள் ஆபீஸ் வேலைக்குப் போகப் போறா, மாதாவே காத்துக்க என்று இருந்தது. அதை வாசிக்கும்போது நான் தலையை நிமிர்த்தவில்லை.

அன்று மாலையே கிளைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு மகள் பெயரில், பேசியது அம்மா, பேசியதில் மிரட்டல் இல்லை. மூன்றும் தெளிவு. அவருக்கும் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் நிறுவனத்தின் ஆள் எடுக்கும் அதிகாரிக்குச் சிவப்பு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. நாம் அனுப்பாமலே, வழியில் யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். அதனால் அவரோடு ஒரு வீடியோ அழைப்பு.

அவர் இளைஞர், மலையாளி, மிகவும் பணிவாகப் பேசினார். இவ்வளவு வன்முறையாகப் பேசும் குடும்பத்திலிருந்து ஒருவரை வாடிக்கையாளர்களிடம் பேச வைக்க முடியுமா என்று கேட்டார். நான் ஒன்று கேட்கலாமா என்றேன். கேளுங்கள் மேடம் என்றார்.

“சின்ன வயசுல நீங்க குறும்பு செய்தா உங்க அம்மை என்ன சொல்வாங்க?”

அவர் புரியாமல் பார்த்தார். கிளைத் தலைவர் மேசைக்கு அடியில் என் காலைத் தன் காலால் தட்டினார்.

“கொந்நு களயும்னு சொல்வாங்களா, மாட்டாங்களா?”

கொன்றுபோடுவேன் என்று அர்த்தம். சொல்லாத மலையாளத்து அம்மா கிடையாது. அவர் முகத்தில் ஒரு சின்ன அசைவு வந்தது.

“அதை இந்தச் செயலியில போட்டு ஆங்கிலத்துல எடுத்து உங்க கோப்புல ஒட்டினா, உங்க அம்மை கொலைகாரி. உங்களுக்கு இந்த வேலை கிடைச்சிருக்காது சார்.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். சரி, மிரட்டல் என்பதை எடுத்துவிடலாம் என்றார். ஒரு நிமிஷம் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அவர் அடுத்ததை எடுத்தார். மிரட்டல் இல்லை, ஆனால் ஒரு மனப்பான்மை தெரிகிறது. அந்தத் துணிக்கடையும் எங்கள் வாடிக்கையாளர்தான். நாளை யாராவது இந்தக் கணக்கைப் பார்த்தால்? ஒரு வழி இருக்கிறது. கணக்கை அழித்துவிடட்டும். அம்மாவின் கருத்துகளில் தனக்கு உடன்பாடு இல்லை, இனி இப்படி வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தப் பெண் எழுதித் தரட்டும். திங்கட்கிழமை வரட்டும்.

கிளைத் தலைவருக்கு மூச்சு வந்தது. நியாயமாகத்தானே கேட்கிறார்கள் சேச்சி என்றார். உங்களில் பலருக்கும் அப்படித்தான் தோன்றும். இதைவிட மென்மையாக ஒருவரைக் குனிய வைக்க முடியாது. எனக்கு அந்த நிபந்தனையைச் சொல்லவே வாய் கூசியது. ஆனால் முடிவு எடுக்க வேண்டியவள் அவள். நான் அவளுக்காக வீரம் பேச முடியாது. என் வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு இருந்தது.

ஷைனி அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பிலோமி வேலைக்குப் போகும் உடுப்பில் வரவில்லை, கோவிலுக்குப் போகும் சேலையில் வந்திருந்தார். நம் அலுவலகத்துக் குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சாலையில் காவலாட்களை லேய் என்று கூப்பிட்ட அதே ஆள்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நான் தமிழில் பேசத் தொடங்கியதும் கொஞ்சம் தைரியம் வந்தது. நிபந்தனையைச் சொன்னேன், ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சொல்லி முடிப்பதற்குள் அவர் போனை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார்.

“இஞ்ச எது அழிக்கியதுன்னு காட்டுங்க மேடம். இப்பமே அழிச்சிருதேன். எனக்க வாயினால எனக்க பிள்ளைக்க வேலை போவண்டாம்.”

ஷைனி அந்தப் போனை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

“அம்மை சொன்னதுல பொய் உண்டா?”

“அது இல்ல மக்ளே...”

“உண்டான்னு சொல்லுங்க.”

பிலோமி இல்லை என்று தலையை ஆட்டினார்.

ஷைனி என் பக்கம் திரும்பினாள். கணக்கை அழிப்பதைப் பற்றி அவளுக்குப் பிரச்சினை இல்லை, அது அவள் பெயர், அவள் படம், அதை அவள் எடுத்துக்கொள்வாள். ஆனால் எழுதித் தர மாட்டாள். உடன்பாடு இல்லை என்று எப்படி எழுதுவாள்? அந்த மீனை விற்றுத்தான் அவள் படித்தாள். மிகவும் மரியாதையாக, மலையாளமும் தமிழும் கலந்து, இதை எல்லாம் சொன்னாள். கடைசியாக ஒன்று சொன்னாள்:

“ஞான் அங்க இருந்திருந்தா ஞானும் சொல்லிருப்பேன் மேடம். அதையும் வேணும்னா எழுதிக்கோங்க.”

பிலோமி அழத் தொடங்கினார். பைத்தியக்காரி, கிடைக்கிற வேலையைத் தட்டிவிடுகிறாளே என்று மகளைத் திட்டினார். என்னைப் பார்த்து, நீங்க சொல்லுங்க மேடம், பெரியவங்க சொன்னா கேப்பா என்றார். நான் சொல்லவில்லை. வேலை போனால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்துவிடு மோளே என்று சொல்ல ஒரு கணம் வாயெடுத்தேன். அந்தக் கணத்தை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்வது அவளுக்குச் செய்யும் அவமரியாதை என்று தோன்றியது.

அவர்கள் போன பிறகு அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். மிக நீளமாக ஒன்றும் இல்லை. கணக்கு இவர் பெயரில் உள்ளது. பயன்படுத்தியவர் இவருடைய தாயார். தாயார் தம் பிழைப்புக்கு நேர்ந்த இடைஞ்சலைப் பற்றிப் பேசியிருக்கிறார். ‘உப்புக்கண்டம் போடுவேன்’ என்பது வீடுகளில் குழந்தைகளிடம் கூடச் சொல்லப்படும் வழக்கு. பாதகமாக எதுவும் இல்லை. நிறம், பச்சை. எழுதித் தர மறுத்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் போடவில்லை. நாம் விசாரிக்க வேண்டியது அவள் யார் என்பதை. அவளை எவ்வளவு குனிய வைக்கலாம் என்பது நம் வேலையில் எங்கும் இல்லை.

கிளைத் தலைவர் வாசித்துவிட்டு மஞ்சளாவது வையுங்கள் என்றார். மஞ்சள் என்றால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, நிறுவனமே முடிவெடுக்கும் என்றார். நம் தொழிலில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் மஞ்சள்தான், இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வைத்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். மஞ்சளை யாரும் கேட்பதில்லை. அது பாட்டுக்குக் கோப்பில் கிடக்கும். அடுத்த வேலைக்குப் போகும்போதும் கூடவே போகும்.

நான் மாட்டேன் என்றேன். வேறு யாரையாவது வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் இது தமிழ், இந்தக் கட்டிடத்தில் வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது, தெரியாததைத் தெரிந்ததாகக் கையெழுத்துப் போட்டார்கள் என்று நானே அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் மேலிடத்துக்கு எழுதுவேன் என்றேன். குரலை உயர்த்தவில்லை.

அவர் அறிக்கையை இன்னொரு தடவை வாசித்தார். வீட்டில் அவருக்கும் ஒரு மகள் அந்த வருஷம் வேலை தேடிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தாரோ, என்னோடு மல்லுக்கட்ட முடியாது என்று நினைத்தாரோ, தெரியாது. “போட்டே,” என்றார். போகட்டும் என்று அர்த்தம். பச்சையாகவே அனுப்பினார். அறிக்கை போய்விட்டது, பச்சை என்று ஷைனிக்கும் அவர் முன்னாலேயே போனில் சொன்னேன்.

அதற்கு விலை இருந்தது, அதையும் சொல்கிறேன். அந்த நிறுவனம் அடுத்த வருஷம் நமக்கு வேலை கொடுக்கவில்லை. பெங்களூரில் வேறு ஆட்களிடம் போய்விட்டது. சேச்சியின் வாசியால் வந்த வினை என்று உங்களில் சிலர் டீக் கடையில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. பேசுங்கள். நான் அதே கோப்பு இன்று வந்தாலும் பச்சைதான் வைப்பேன்.

ஷைனிக்கு என்ன ஆயிற்று என்பதை அவளே பிறகு சொன்னாள். பச்சை அறிக்கை போயும் நிறுவனத்திலிருந்து தகவல் ஒன்றும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. இப்படி விட்டுவிட்டால் தானாகவே ஒதுங்கிவிடுவாள் என்று கணக்கு. திங்கட்கிழமை காலை அவள் வேலைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனாள். வரவேற்பில் இருந்த பெண், பட்டியலில் உன் பெயர் இல்லை என்றாள். இருக்கும், தேடிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஷைனி சோபாவில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் எல்லாம் பயிற்சி அறைக்குள் போய்விட்டார்கள். இவள் எழுந்திருக்கவில்லை. காவலாளி வந்து கேட்டார். கடிதத்தைக் காட்டினாள். யாரோ ஒரு அதிகாரி வந்து, விசாரணையில் இருக்கிறது என்றார். விசாரணை அறிக்கை வந்துவிட்டது, அதில் என்ன நிறம் என்று எனக்குச் சொல்லுங்கள், நான் போய்விடுகிறேன் என்றாளாம்.

பச்சையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை எதைச் சொல்லி வெளியே அனுப்புவார்கள்? மஞ்சள் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், என்னோடு வீடியோவில் பேசிய அந்த அதிகாரியே இறங்கி வந்தாராம். அவளைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், அடையாள அட்டை போடச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நல்லவராக மாறிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். வழி இல்லாமல் போயிற்று. அது போதும். நல்லவர்கள் வரட்டும் என்று காத்திருந்தால் நம்மிடம் வரும் கோப்புகளில் பாதிப்பேருக்கு வேலை கிடைக்காது.

ஷைனி இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். பழைய கணக்கிலிருந்து தன் பெயரையும் படத்தையும் அவள் எடுத்துவிட்டாள். நிறுவனத்துக்குப் பயந்து இல்லை, அம்மா பேசியது மகள் பெயரில் இருப்பது சரியில்லை என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அம்மாவை உட்கார வைத்து, அம்மாவின் சொந்தப் பெயரில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கிக் கொடுத்தாள். படம் வேண்டுமே என்றதற்கு, பிலோமி மீன் வட்டைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைப் போடச் சொன்னாராம்.

எனக்கு அந்த முகவரியை ஷைனி அனுப்பினாள். முதல் வீடியோவை நான் கரமனையில் என் வீட்டு அடுக்களையில் நின்று பார்த்தேன். இந்த முறை முகம் முழுக்கத் தெரிந்தது. பின்னால் அதே துணிக்கடை வாசல், அதே சாலை. அவர் அங்கேயே, கொஞ்சம் தள்ளி, மறுபடியும் கடை போட்டிருந்தார். போனை யாரோ பிடித்திருந்தார்கள். பிலோமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரே பார்த்துச் சொன்னார்:

“எனக்க பேரு பிலோமி. முன்ன பேசுனது எனக்க மோள் இல்ல. நாந்தான்.”